வேலை தேடலை ஒரே ஷீட்டில் அடக்குவது எப்படி

கடைசியாக எந்த ஐந்து இடங்களுக்கு விண்ணப்பித்தீர்கள், எதற்கு எந்த ரெஸ்யூமே போனது, யாரிடமிருந்து பதில் வர வேண்டும் என்பதையெல்லாம் மெயிலைத் திறக்காமலே சொல்லிவிட முடிந்தால் இதற்கு மேல் நீங்கள் படிக்க வேண்டியதில்லை. என்னால் முடியவில்லை. ஒரு மத்தியானம் போன் வந்தது. "நம்ம கம்பெனில அந்த வேலைக்கு அப்ளை பண்ணியிருந்தீங்கல்ல, இப்ப பேசலாமா?" என்றார் எச்.ஆர். பெண்மணி. பேசலாம் என்று சொல்லிவிட்டேன். எந்த வேலை என்று ஞாபகமில்லை, அவசரமாகத் தளத்தில் தேடினால் அறிவிப்பையே எடுத்துவிட்டிருந்தார்கள். எங்கள் நிறுவனத்தில் ஏன் சேர விரும்புகிறீர்கள் என்று கேட்டார். நான் சொன்ன பதிலை எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அது அவருக்கும் தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட ஷீட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேலை கிடைத்த பிறகும் அதை மூடவில்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

ஆப் தேடி அலையாதீர்கள்

வேலை தேடலுக்கென்றே ஹன்டர், டீல் மாதிரி தளங்கள் இருக்கின்றன. பிரவுசரில் ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டுக்கொண்டால் வேலை அறிவிப்பை ஒரே கிளிக்கில் இழுத்துச் சேமித்துக்கொள்ளும். ட்ரெல்லோவில் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் ஒரு கார்டாக வைத்து இடமிருந்து வலமாக நகர்த்தலாம், நோஷனில் அழகழகாக டெம்ப்ளேட் கிடைக்கும். எதையும் குறை சொல்லவில்லை. ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர் என்ன செய்கிறார் என்றால், எந்த ஆப் நல்லது என்று இரண்டு நாள் வீடியோ பார்க்கிறார், மூன்றாம் நாள் டெம்ப்ளேட்டுக்குக் கலர் மாற்றுகிறார், வாரம் முடியும்போது ஒரு விண்ணப்பம்கூடப் போயிருக்காது. ஆனால் ஏதோ வேலை செய்த களைப்பு மட்டும் இருக்கும்.

ஆகவே கூகுள் ஷீட்ஸ். எக்செல் பழகியிருந்தால் எக்செல். சொந்த விவரத்தை இணையத்தில் வைக்கப் பிடிக்காதவர்களுக்கு லிப்ரேஆபீஸ் கால்க் இலவசமாகவே இருக்கிறது. நான் கூகுள் ஷீட்ஸ் பக்கம்தான், ஏனென்றால் எச்.ஆர். கூப்பிடும்போது நாம் பஸ்ஸில் இருப்போம், கையில் போன் மட்டும்தான் இருக்கும், அதிலேயே ஷீட் திறக்க வேண்டும். விண்ணப்பங்கள் நூறைத் தாண்டி, ஷீட்டே திணறுகிறது என்று தோன்றினால் அப்போது ஆப்புக்கு மாறிக்கொள்ளலாம். அங்கே மாறினாலும் இந்த ஷீட்டை அப்படியே சிஎஸ்வி ஃபைலாக, அதாவது எந்த ஷீட் மென்பொருளிலும் திறக்கும் வெறும் எழுத்து ஃபைலாக, இறக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷீட் போடலாம்

முதல் வரியில் இந்தத் தலைப்புகளை இடமிருந்து வலமாக அடியுங்கள்: கம்பெனி, பதவி, லிங்க், எங்கே பார்த்தேன், அனுப்பிய தேதி, எந்த ரெஸ்யூமே, நிலை, ஆள், அடுத்த வேலை, எப்போது, குறிப்பு. அந்த முதல் வரியை ஃப்ரீஸ் செய்துவிடுங்கள், கீழே போகப் போகத் தலைப்பு மறையாது. சம்பளம், ஊர், வீட்டிலிருந்து வேலையா என்று இன்னும் சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள், குறிப்பில் எழுதினால் போதும். நிரப்பக் கடினமான ஷீட்டை இரண்டாவது வாரம் யாரும் நிரப்புவதில்லை.

'நிலை' என்பதைக் கையால் அடிக்க வேண்டாம், பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுக்கும் டிராப்டவுன் வையுங்கள். கூகுள் ஷீட்ஸில் இன்சர்ட் மெனுவிலேயே டிராப்டவுன் இருக்கிறது, எக்செல்லில் டேட்டா வேலிடேஷன் என்ற பெயரில் இருக்கும். பார்த்தது, அனுப்பியது, பேசினார்கள், இன்டர்வியூ, ஆஃபர், முடிந்தது என்று ஆறு போதும். கையால் அடித்தால் ஒரு நாள் 'அனுப்பியது' என்று இருக்கும், மறுநாள் 'அனுப்பினேன்', அடுத்த நாள் ஆங்கிலத்தில். அப்புறம் ஒரு நிலையில் இருப்பதை மட்டும் காட்டச் சொல்லி ஃபில்டர் போட்டால் பாதி வரும், பாதி வராது.

தேதியில் ஒரு வம்பு இருக்கிறது. 3/4 என்று அடித்தால் ஷீட்டின் அமைப்பைப் பொறுத்து அது ஏப்ரல் 3 ஆகவும் இருக்கலாம், மார்ச் 4 ஆகவும் இருக்கலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-04-03 என்று அடித்துவிட்டால் குழப்பமே வராது. ஃபைல் பெயர்களிலும் இதே முறை வைத்தால் கம்ப்யூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிக் காட்டும்.

அனுப்பி எத்தனை நாளாயிற்று என்று தெரிய வேண்டுமா, ஒரு காலிக் கட்டத்தில் சமக்குறி போட்டு, டுடே என்று ஆங்கிலத்தில் அடித்து, அடைப்புக்குறியைத் திறந்து மூடி, கழித்தல் குறி போட்டு, அனுப்பிய தேதி இருக்கும் கட்டத்தைத் தொட்டு என்டர் தட்டுங்கள். நாள் கணக்கு வந்துவிடும். எக்செல் சில நேரம் அந்த விடையையும் தேதி மாதிரியே காட்டி 1900-ஆம் வருடத்துக்குக் கொண்டுபோய்விடும், அந்தக் கட்டத்தின் ஃபார்மேட்டை நம்பர் என்று மாற்றினால் சரியாகிவிடும். விடை நாற்பதாயிரத்துக்கு மேல் வந்தால் பயப்பட வேண்டாம், அனுப்பிய தேதியை எழுத மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஷீட்டுக்குத் தேதி என்பது 1900-ஐ ஒட்டித் தொடங்கி எண்ணிக்கொண்டு வரும் நாள் கணக்குதான், காலிக் கட்டத்தைச் சுழியமாக எடுத்துக்கொண்டு அன்றிலிருந்து இன்றுவரை எண்ணிச் சொல்கிறது.

ஒரே ஒரு எச்சரிக்கை. அடுக்கும்போது, அதாவது சார்ட் (sort) செய்யும்போது, ஒரு தலைப்பின் கீழுள்ள கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்து அடுக்கிவிடாதீர்கள். நான் அதைச் செய்திருக்கிறேன். தேதிகள் மட்டும் அழகாக வரிசைக்கு வந்தன, கம்பெனிகள் இருந்த இடத்திலேயே இருந்தன, யாருக்கு எப்போது அனுப்பினேன் என்பது முழுக்கக் குலைந்துவிட்டது. கூகுள் ஷீட்ஸில் வெர்ஷன் ஹிஸ்டரி இருந்ததால் முந்தைய நாள் நிலைக்குத் திரும்ப முடிந்தது. தலைப்பு வரியில் ஃபில்டர் போட்டு, அந்த ஃபில்டர் வழியாக மட்டும் அடுக்கினால் வரி முழுவதும் சேர்ந்தே நகரும்.

'அடுத்த வேலை', 'எப்போது'

இந்த இரண்டு தலைப்புக்காகத்தான் மற்ற எல்லாமே. பெரும்பாலானவர்கள் ஷீட் போடுவார்கள், அதில் நடந்ததை மட்டும் எழுதுவார்கள். நடந்ததை எழுதிவைத்தால் அது கணக்குப் புத்தகம், காலையில் எழுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று அது சொல்லாது. அதனால் 'முடிந்தது' என்ற நிலையில் இல்லாத எந்த வரியிலும் இந்த இரண்டு கட்டங்களும் காலியாக இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வரி எப்படி வளரும் என்று காட்டுகிறேன். ஒரு டேட்டா அனலிஸ்ட் வேலை, மார்ச் 3 அன்று அனுப்புகிறீர்கள். அடுத்த வேலை: 'பதில் இல்லையென்றால் மெயில்'. எப்போது: மார்ச் 12. மார்ச் 12 காலை ஷீட் அந்த வரியைக் காட்டுகிறது, நாலு வரியில் மெயில் போகிறது: "வணக்கம். மார்ச் 3 அன்று டேட்டா அனலிஸ்ட் பணிக்கு விண்ணப்பித்திருந்தேன். அறிவிப்பில் நீங்கள் கேட்டிருந்த மாதாந்திர அறிக்கைத் தயாரிப்பை இப்போதைய வேலையில் செய்து வருகிறேன். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாமா?" உடனே தேதியை மார்ச் 20 ஆக மாற்றுகிறீர்கள். அடுத்த வேலை: 'இன்னும் பதிலில்லை என்றால் முடிந்தது'. மார்ச் 17 அன்று கூப்பிடுகிறார்கள். நிலை 'பேசினார்கள்' என்று மாறுகிறது, ஆள் என்ற கட்டத்தில் பேசியவர் பெயர் வருகிறது, அடுத்த வேலை: 'எஸ்.க்யூ.எல். ஜாயின் மறுபடி பார்க்க' (டேட்டாபேஸில் தேடும் மொழியில் ஒரு பாடம்), எப்போது: மார்ச் 18. குறிப்பில் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதிவையுங்கள், "டீம்ல மூணு பேர், ரிப்போர்ட்டை ஆட்டோமேட் பண்ண ஆள் வேணும்" என்று. அடுத்த சுற்று இன்டர்வியூவில் இந்த ஒரு வரியிலிருந்துதான் பேச்சையே ஆரம்பிக்கப் போகிறீர்கள்.

இப்படி மெயில் போட்டும் பதிலில்லை என்றால் தயங்காமல் 'முடிந்தது' போடுங்கள். பதில் சொல்லாமலே விட்டுவிடும் இடங்கள் ஏராளம், அதை நினைத்து நினைத்து மாய்ந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். பின்னால் கூப்பிட்டால் நிலையை மாற்றிக்கொள்ள ஒரு நொடிதான் ஆகும்.

'எப்போது' தலைப்புக்குக் கீழே கண்டிஷனல் ஃபார்மேட்டிங் போட்டு, தேதி நாளைக்கு முந்தையது என்றால் மஞ்சள் என்று சொல்லிவிடுங்கள். இன்றைய வேலையும் தள்ளிப்போன வேலையும் மஞ்சளாக நிற்கும். காலையில் மஞ்சளை மட்டும் பாருங்கள், முடித்ததும் புதுத் தேதி போடுங்கள், ஷீட்டை மூடிவிடுங்கள்.

அறிவிப்பையும் ரெஸ்யூமேவையும் பத்திரப்படுத்துவது

லிங்கை மட்டும் நம்பாதீர்கள், ஆள் கிடைத்துவிட்டால் பக்கமே போய்விடும். அனுப்புவதற்கு முன்பே கன்ட்ரோல் பி அழுத்தி அறிவிப்பைப் பிடிஎஃப் ஆகச் சேமித்துவிடுங்கள். ஒரு கம்பெனிக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் அறிவிப்பு, அனுப்பிய ரெஸ்யூமே, கவர் லெட்டர் இருந்தால் அதுவும். ஃபோல்டரின் லிங்கை ஷீட்டில் ஒட்டிவிட்டால் போனிலிருந்தே திறக்கலாம்.

ரெஸ்யூமேவுக்கு ஒரு தாய் ஃபைல் வையுங்கள். செய்த வேலை எல்லாம் அதில் இருக்கட்டும், எத்தனை பக்கம் ஆனாலும் பரவாயில்லை, யாருக்கும் அனுப்பப் போவதில்லை. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்து ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு பிரதி செய்யுங்கள். 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'ஃபைனல் புதுசு' என்று பெயர் வைக்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு, அனுப்பும் ஃபைலுக்காவது உங்கள் பெயரும் பதவியும் வரும்படி வையுங்கள். அந்தப் பெயரை எதிரே இருப்பவரும் பார்க்கிறார்.

ஏடிஎஸ் என்ற சொல்லைச் சொல்லி நிறையப் பேர் பயமுறுத்துவார்கள். கம்பெனிகள் வரும் விண்ணப்பங்களைச் சேமித்து, தேடி, அடுக்கிப் பார்க்கும் மென்பொருள் அது, அவ்வளவுதான். கிரீன்ஹவுஸ், லீவர், வொர்க்டே என்று பல இருக்கின்றன. இத்தனை சதவீத ரெஸ்யூமேவை மெஷினே குப்பையில் போட்டுவிடும் என்று சுற்றும் கணக்கை நான் நம்புவதில்லை. மெஷின் தானாக விலக்குவது என்றால் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தில் வரும் ஆமா, இல்லை கேள்விகளில்தான்: இந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்கிறதா, இத்தனை வருட அனுபவம் இருக்கிறதா என்பது மாதிரி. அந்தக் கேள்விகளை அவசரத்தில் தட்டிவிடாதீர்கள்.

உங்கள் ரெஸ்யூமேவை மென்பொருளால் படிக்க முடிகிறதா என்று பார்க்கக் காசு கொடுத்துத் தளம் தேட வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து, நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசையாக வந்தால் நல்லது. இடது பக்க வரியும் வலது பக்க வரியும் பின்னிக்கொண்டு வந்தால் பக்கத்தை இடம், வலம் என்று இரண்டாகப் பிரிக்கும் டிசைனை விட்டுவிடுங்கள். ஒன்றுமே ஒட்டவில்லை என்றால் உங்கள் ரெஸ்யூமே வெறும் படம், எழுத்தே அதில் இல்லை. போன் நம்பரைப் பக்கத்தின் மேல் ஓரத்தில் தனியாக இருக்கும் ஹெடரில் வைத்தால் சில மென்பொருள் அதைத் தவறவிடும், உடம்புப் பகுதியிலேயே எழுதுங்கள். அறிவிப்பில் ஒரு திறமையைச் சுருக்கமாக எழுதியிருந்து நீங்கள் முழுப் பெயராக எழுதியிருந்தால் இரண்டையும் ஒரு தடவை எழுதிவிடுங்கள், தேடுகிறவர் எதைத் தட்டுவார் என்று யாருக்குத் தெரியும்.

மெயில், காலண்டர், பாஸ்வேர்டு

வேலைக்கென்று தனி மெயில் முகவரி வைத்துக்கொண்டால் நல்லது. ஜிமெயிலில் இன்னொரு வழியும் உண்டு: உங்கள் முகவரியில் அட் குறிக்கு முன்னால் ஒரு பிளஸும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்துக் கொடுத்தால் மெயில் உங்களுக்கே வரும், அந்தச் சொல்லை வைத்து ஃபில்டர் போட்டு ஒரு லேபிளுக்குள் தள்ளிவிடலாம். சில தளங்கள் பிளஸை ஏற்காமல் முரண்டு பிடிக்கும், அங்கே சாதாரண முகவரியே கொடுங்கள். தினமும் ஒரு தடவை ஸ்பேம் ஃபோல்டரைப் பாருங்கள், இன்டர்வியூ அழைப்பு அங்கே போய் விழுவது சகஜம்.

பெரிய கம்பெனிகளின் விண்ணப்பத் தளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கு தொடங்கச் சொல்லும். ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்திலும் போட்டுவிடும் ஆசை வரும். வேண்டாம். பாஸ்வேர்டுகளைப் பத்திரமாகச் சேமித்துவைக்கும் பிட்வார்டனோ கீபாஸோ போட்டுக்கொள்ளுங்கள், இரண்டும் இலவசமாகவே கிடைக்கும்.

இன்டர்வியூ நேரம் சொன்ன உடனே காலண்டரில் போட்டுவிடுங்கள். வேறு நாட்டுக் கம்பெனி என்றால் அவர்கள் சொன்ன நேரம் எந்த ஊர் நேரம் என்று பதில் மெயிலிலேயே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கூகுள் காலண்டரில் நிகழ்ச்சிக்கு டைம் ஸோன் தனியாகக் கொடுக்கலாம், உங்கள் ஊர் நேரத்துக்கு அதுவே மாற்றிக் காட்டும். சில நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் நகர்த்துவதால் மனக்கணக்கு ஏமாற்றிவிடும். நிகழ்ச்சியின் விவரத்தில் ஃபோல்டர் லிங்கையும் எதிரே பேசப்போகிறவர் பெயரையும் ஒட்டுங்கள், அதற்கு முந்தைய அரை மணி நேரத்தையும் உங்களுக்காக அடைத்துவையுங்கள்.

தேடல், லிங்க்ட்இன், ஏஐ

லிங்க்ட்இன், இன்டீட் மாதிரி தளங்களில் தினமும் உட்கார்ந்து உருட்டாதீர்கள், அலர்ட் போடுங்கள். ஒரே பதவிக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும், அதனால் நாலைந்து பெயர்களுக்குத் தனித்தனி அலர்ட் வேண்டும். தேடும்போது சொற்றொடரை மேற்கோள் குறிக்குள் போட்டால் அப்படியே தேடும். கூகுளில் வேண்டாத சொல்லுக்கு முன் கழித்தல் குறி போட்டால் அது இருக்கும் பக்கங்களை விலக்கிவிடும்.

லிங்க்ட்இன்னில் வேலை தேடுகிறேன் என்று காட்டும் 'ஓப்பன் டு வொர்க்' போடும்போது இரண்டு வழி கேட்கும், எல்லோருக்கும் தெரியலாமா, வேலைக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டர்களுக்கு மட்டுமா என்று. இப்போது வேலையில் இருப்பவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் கம்பெனி ரெக்ரூட்டர்களுக்குத் தெரியாமல் மறைக்கப் பார்ப்போம், முழு உத்தரவாதம் தர முடியாது என்று லிங்க்ட்இன்னே சொல்கிறது. அந்த ரிஸ்க் தாங்காது என்றால் போடாதீர்கள். இன்னொன்று, செட்டிங்ஸில் உங்கள் டேட்டாவின் பிரதியை இறக்கிக்கொள்ளலாம், தொடர்புகளின் பட்டியல் ஒரு ஃபைலாக வரும். அதை ஷீட்டில் ஒரு தனி டேப்பில் போட்டு, விண்ணப்பிக்கும் முன் அந்தக் கம்பெனியில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடிவிடுங்கள்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐ-யிடம் அறிவிப்பையும் உங்கள் ரெஸ்யூமேவையும் கொடுத்து, இவர்கள் கேட்டிருப்பதில் எது இதில் தெரியவில்லை என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நன்றாகவே பதில் வரும். ரெஸ்யூமே எழுதித் தா என்றால் நீங்கள் செய்யாததையும் செய்ததாக எழுதும், எங்கிருந்தோ ஒரு சதவீதத்தைக் கொண்டுவந்து ஒட்டும், இன்டர்வியூவில் அதைப் பற்றிக் கேட்டால் முழிக்கப் போவது நீங்கள். போன் நம்பர், முகவரி, வாடிக்கையாளர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட் கட்டு என்றால் அது வேலை இல்லை. மெயில் வந்த முகவரியில் அட் குறிக்குப் பின் இருப்பதைக் கம்பெனியின் சொந்தத் தளத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு எழுத்து மாறியிருந்தாலும் ஷீட்டில் 'முடிந்தது'.

வாரம் ஒரு தடவை இருபது நிமிடம் ஷீட்டை முழுசாகப் பாருங்கள். முப்பது அனுப்பி ஒருவரும் கூப்பிடவில்லை என்றால் நான் ரெஸ்யூமேவை அல்லது தேர்ந்தெடுக்கும் பதவியைத்தான் சந்தேகப்படுவேன். கூப்பிடுகிறார்கள், முதல் சுற்றோடு நின்றுவிடுகிறது என்றால் பேச்சைப் பார்க்க வேண்டும், கண்ணாடி முன் இல்லை, ஒரு நண்பரைக் கேள்வி கேட்கச் சொல்லி. 'எங்கே பார்த்தேன்' தலைப்பில் ஃபில்டர் போட்டால் இன்னொன்றும் தெரியும். எனக்கு ஒரே கிளிக்கில் அனுப்பியவை எல்லாம் அப்படியே கிடந்தன, தெரிந்தவர் மூலம் போன நாலில் மூன்றுக்குப் போன் வந்தது.

வேலை கிடைத்த பிறகு

சரி, ஷீட்டை ஏன் மூடவில்லை என்றால், சேர்ந்து ஒன்றரை வருடம் கழித்துச் சம்பள உயர்வு பேச உட்கார்ந்தபோது மேலாளர் "இந்த வருஷம் என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க" என்றார், அப்போது எனக்குக் கடைசி இரண்டு மாதம் மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது. மறுபடியும் அதே மத்தியானப் போன் கதை. அன்றைக்கு ஷீட்டில் 'செய்தது' என்று ஒரு புது டேப் போட்டேன். நாலு தலைப்பு: தேதி, என்ன செய்தேன், முன்பு எப்படி இருந்தது பிறகு எப்படி ஆயிற்று, யாருக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை மாலை கிளம்பும் முன் பத்து நிமிடம், காலண்டரில் வாராவாரம் வரும்படி வைத்திருக்கிறேன்.

மூன்றாவது தலைப்பை நிரப்புவதுதான் கஷ்டம். 'ரிப்போர்ட்டை மாற்றி அமைத்தேன்' என்று எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து நமக்கே புரியாது. 'மாதக் கடைசி ரிப்போர்ட்டுக்கு இரண்டு நாள் ஆனது, இப்போது அரை நாள்' என்று எழுதினால் அதையே தாய் ஃபைலில் ஒட்டலாம், இன்டர்வியூவிலும் சொல்லலாம். எண்ணை அப்போதே எழுதிவிட வேண்டும், பின்னால் தேடினால் கிடைக்காது. இன்னொரு டேப்பில் சான்றிதழ்களும் அவை காலாவதியாகும் தேதியும் இருக்கின்றன.

இது எல்லாம் உங்கள் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும், ஆபீஸ் லேப்டாப்பிலோ ஆபீஸ் மெயிலிலோ வேண்டாம். கடைசி நாளில், சில இடங்களில் சொன்ன நிமிடத்திலேயே, அதைத் திறக்க முடியாமல் போய்விடும். அதே சமயம் கம்பெனியின் ரகசியம், வாடிக்கையாளர் விவரம் எதையும் உங்கள் ஷீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், நீங்கள் செய்ததை உங்கள் சொல்லில் எழுதினால் போதும். ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டு, அனுபவச் சான்றிதழ் மூன்றும் வந்த அன்றே பிடிஎஃப் ஆக உங்கள் ஃபோல்டருக்குப் போகட்டும். அடுத்த கம்பெனி பழைய சம்பளச் சீட்டு கேட்கும்போது, விட்டுவந்த இடத்துக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியிருக்காது.